செலீனா வீட்டுக்கு வந்த ‘இல்லை’

அருளப்பு அண்ணைக்கு இருபத்தாறு வயது. போரில் பாதை பூட்டியதால் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் ஊரான ஓலைத்தொடுவாய்க்கு வந்தவர். காலையில் மீனுக்கு ஐஸ் உடைப்பார். பின்னேரம் சுவாமியாரின் பங்குமனையில் கணினி தட்டுவார். பெண்களோடு பேசச் சொன்னால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கலியாணம் என்றால் சுவாமியார் முதலில் உறவுமுறை விசாரிப்பார். அந்த விசாரணையை அண்ணை கணினிக்குப் பழக்கியிருந்தார். ஒவ்வொரு வீடும் கணினிக்குள் ஒரு பொருள். அதற்குள் அந்த வீட்டு உண்மைகள்: இன்னார் தாய், இன்னார் பாட்டன். ‘குடும்பம்’ என்ற பெரிய பொருளில் ஒரே விதி: இரு பக்கத்துப் பாட்டன் பாட்டிமாரின் பெயர்களும் கிடைத்து, பொதுவாக ஒருவரும் இல்லாவிட்டால் கட்டலாம். அந்த விதி எல்லா வீடுகளுக்கும் பரம்பரைச் சொத்துப்போல, முதுசமாகப் போய்ச் சேரும். வீட்டிடம் கேள்வி அனுப்பினால் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ வரும்.

முள்ளிக்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தாள் செலீனா. அண்ணைக்கு அவளில் விருப்பம். அவளைக் கட்டலாமா என்று கணினியிடம் கேட்டார். ‘இல்லை’ என்றது. அண்ணை மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

“என்ன அண்ணை, பெட்டி தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டுதோ?” என்று கேட்டேன் நான்.

“பகிடி விடாதை. நாலு தரம் கேட்டனான்.”

“செலீனாவுக்குத் தாய் இருக்கிறாவோ எண்டு கேளுங்கோ பாப்பம்.”

அண்ணை தட்டினார். ‘இல்லை.’

“அந்த மனிசி காலமைதான் என்னைக் குழாயடியிலை துரத்தினவ. உங்கடை பெட்டி ஆளையே இல்லை எண்டுது!”

அண்ணை தலையில் கை வைத்தார். அவர் பெயர்களை எடுத்தது பங்கு ஏட்டிலிருந்து. செலீனா ஆட்களின் ஏடு முள்ளிக்குளத்திலேயே கிடந்தது. கணினியில் அவர் அவளுக்குக் கட்டியது பெயர்களில்லாத வெறும் வீடு. விதி முதுசமாக வந்ததால் வெறும் வீடும் பிழை காட்டாமல் பதில் சொன்னது. சொல்லிக்கொடுக்காததை எல்லாம் அது ‘இல்லை’ என்றே சொல்லும். ‘தெரியாது’ என்ற பதில் அதனிடம் கிடையாது.

“தாயிட்டைப் போய்க் கேளுங்கோ.”

“நீ கேட்டுக்கொண்டு வாவன்.”

“நானோ கட்டப்போறன்?”

முகம் கழுவி, சேட்டு மாற்றிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போனார். ஓடிவிடாமலிருக்க நானும் பின்னால் போனேன்.

அண்ணை பாட்டன் பாட்டிமாரின் பெயர்களைக் கேட்டதும் செலீனாவின் தாய் பெற்றிசியா அம்மா திருப்பிக் கேட்டார்: “ஆர் கேக்கச் சொன்னது? சுவாமியாரோ?”

“இல்லை அம்மா. நான்தான் கேக்கிறன்.”

அவர் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். தன் தாய், தகப்பன், புருசனின் தாயான மாமி என்று மூன்று பெயர் சொன்னார். நான்காவதில் வாயை மூடிக்கொண்டார். புருசனின் தகப்பன் பெயரை அவர்கள் பக்கத்துப் பெண்கள் உச்சரிப்பதில்லை.

அண்ணை கொப்பியில் ‘நாலு’ என்று எழுதிவிட்டுப் பேனையோடு நின்றார்.

மறைப்புக்குக் கட்டியிருந்த சீலைக்குப் பின்னாலிருந்து செலீனாவின் குரல் வந்தது.

“கொன்ஸ்ரன்ரைன். வடிவா எழுதுங்கோ.”