ஸ்டோருக்குள் வந்த மீன்

ஆனைக்கரை ஏலக்காய் ஸ்டோரில் முப்பது வருஷம் விறகுச் சூட்டில் காய் உலர்த்திய சுவக்கீன் ஒரு சட்டம் வைத்திருந்தார். மீன் வாடை உள்ளே வரக் கூடாது. காய் அதை ஒட்டிக்கொள்ளும். கருவாட்டுக் குழம்போடு வேலைக்கு வந்தவர்களை மழையென்றும் பாராமல் வெளியே உட்கார வைப்பார். அதிகம் நனைந்தவள் ஞானஜோதி. அவர் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் பருப்புச் சோறு தின்றார்கள்.

மனைவி கத்தரீனாள் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டார். ஸ்டோர் சாவி ஞானஜோதி கைக்குப் போனது.

மகன் ஜின்சன் கொச்சியிலிருந்து உப்புத்தண்ணீர்த் தொட்டியும் டாம்செல் மீன் ஒன்றும் கொண்டுவந்து வைத்தான். பவளப்பாறை மீன். கட்டைவிரல் அளவு, நீல உடம்பு, மஞ்சள் வால். ஆனால் குணம் பொல்லாதது. ஒரு கிளிஞ்சலைத் தன் வீடென்று பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் விரல் வைத்தாலே முட்ட வரும். கூரையையே வெறித்துக் கிடந்த கத்தரீனாளின் கண்கள் அதன் பின்னால்தான் முதன்முதலாக நகர்ந்தன. அன்று சுவக்கீன் மீனைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆடி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. தொட்டி ஹீட்டர் நின்றது. சூடான கடலில் பிறந்த மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. அது போனால் அந்தக் கண்கள் பழையபடி கூரைக்கே போய்விடுமென்று சுவக்கீன் பயந்தார். விறகுச் சூடு ஓயாத இடம் ஸ்டோர் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிலோமியை மனைவிக்குத் துணை வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரோடு மீனை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார்.

"வாளியில என்னண்ணே?" என்றாள் ஞானஜோதி.

"மீனு..." அவர் தலை நிமிரவில்லை.

மூடியைத் தூக்கிப் பார்த்தவள் சிரித்தே விட்டாள். "இதுக்கா இம்புட்டு வெக்கம்? காய் ரூமுக்கு மட்டும் வேணாம். அடுப்பு ரூம்ல வைங்க."

புறங்கையால் சூடு பார்த்துப் பார்த்து, மூச்சுக் காற்று சேரட்டுமென்று தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு வாளிக்குள்ளேயே ஊற்றினார். மதியத்துக்குள் மீன் நிமிர்ந்தது. குவளையை முட்டவும் வந்தது. நன்றி சொல்லத் திரும்பினால் ஞானஜோதியைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. கம்பளி சுற்றிய கத்தரீனாளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள் ஞானஜோதியும் பிலோமியும்.

"மீனுக்கு மட்டுந்தான் குளிருமாண்ணே?" என்றாள் ஞானஜோதி.

சுவக்கீனுக்குச் சுருக்கென்றது. மனைவியின் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. இரண்டு நாளாக அவர் தண்ணீரைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்திருந்தார். இரு கைகளாலும் அந்தக் கையைப் பொத்திக்கொண்டு ஞானஜோதிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார், அழுகைதான் வந்தது. கத்தரீனாளின் கண்கள் வாளியைத் தாண்டி வந்து அவர் முகத்தில் நின்றன.