வியாழக்கிழமைப் புயல்

எனக்குப் பிடித்த படக்கதைக்காரர்கள் எல்லோரும் கடல் தாண்டிய தேசத்தவர்கள். ஆங்கில நாளிதழில் தினமும் நான்கு விரல் அகலத்தில் வருவார்கள். ஒருவர் நான்கே கோட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையை முடித்துவிடுவார். இன்னொருவர் மழைக்கோட்டின் மடிப்பிலேயே ஆளின் சுபாவத்தைக் காட்டுவார். நான் முதலிடம் கொடுத்தது கடல் கதை வரைந்தவருக்கு. அவர் அலையில் ஈரம் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மீஞ்சூர் ஸ்டேஷனில் நாளிதழ் வாங்கிக்கொண்டுதான் சென்னைக்கு ரயில் ஏறுவேன். மாலையில் கடல் கதையை வெட்டி, தேதியும் கிழமையும் எழுதி நோட்டில் ஒட்டுவேன். ஒரு நாளும் விட்டதில்லை, அந்த வியாழக்கிழமை வரை. அன்று இடம் அளக்கும் வேலையாக, வாசலுக்கே வந்த ஆபீஸ் வேனில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டேன். திரும்பியபோது ஒரு பிரதியும் மிச்சமில்லை.

புதன்கிழமைக் கதையில் புயல் கிளம்பியிருந்தது. வெள்ளிக்கிழமை, கதையின் மாலுமி கையில் கட்டோடு கரையில் உட்கார்ந்து சூப் குடித்தான். கதை புரிந்துவிட்டது. ஆனால் புயலை எப்படி வரைந்திருப்பார்? அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பொய். இறங்கியது, ருசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் துண்டுக்குப் பசை தடவும்போதுதான் கவனித்தேன். பின்பக்கம், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியல். என் ரயிலில் பொன்னேரியில் ஏறிவரும் பழவேற்காட்டு இறால் வியாபாரி ஒருவர் அந்தப் பட்டியலைத்தான் தினமும் வெட்டி நோட்டில் ஒட்டுவார். ஆக, என் புயல் அவர் நோட்டில் முகம் குப்புறக் கிடந்தது.

மறுநாள் ரயிலில் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார், பொம்ம பாக்குற வயசா இது?"

"நீங்க தினம் கப்பல் பாக்கறீங்களே பாய்."

"அதுல என் சரக்கு போவுது. இதுல உங்குளுது இன்னா போவுது?"

ஒட்டியதை உரித்து ஒரு முறை பார்த்தால் போதும் என்றேன். பட்டியல் கிழிந்தால் முழுவதையும் நகல் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"கிழியாம எடுங்க. கப்பல் தேதியில வாக்குவாதம்னு வந்தா அச்சுல இருக்கிறத தான் நம்புவாங்க."

திங்கட்கிழமை மாலை மீஞ்சூரில் என்னோடு இறங்கினார். ஸ்டேஷன் டீக்கடை பாய்லரின் ஆவியில் நோட்டைக் காட்டினோம். மைதா பசை இளகியது. பிளேடால் மூன்று பக்கம் விடுவித்துத் திருப்பினேன்.

அலையே இல்லை. கட்டம் முழுக்கக் கறுப்பு மை. நடுவே சாய்ந்த பாய்மரம் ஒன்று, பொட்டளவு ஒரு விளக்கு. அவ்வளவுதான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. வேலையை உதவியாளரிடம் தள்ளிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

பாய் நோட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். டீ ஆறும்வரை பார்த்தார்.

"கரெக்டா போட்டுக்கீறான் சார். இருட்டுல காத்து அடிச்சா அலையா தெரியும்? வெளக்கு தான் தெரியும். எங்க ஏரியில புயல்ல மாட்டிக்கினு நானே பாத்துக்கீறேன். இவன் கடலுக்குப் போனவன்."

மறுபடி பார்த்தேன். விளக்கு ஆடியது.

துண்டைக் கேட்டேன். தரவில்லை. நான்காம் ஓரம் ஒட்டியபடியே இருக்க, கதவுபோல இரண்டு பக்கமும் திறந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

என் நோட்டில் அந்த வியாழக்கிழமைக்கு அளவெடுத்து ஒரு கட்டம் போட்டேன். உள்ளே எழுதியிருப்பது: 'பாய் நோட்டில் உள்ளது.' பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் கேட்பேன். அன்றைய பேப்பரில் வந்த கடல் கதையை முதலில் சொன்னால்தான் நோட்டைத் திறப்பார்.