பூநாரைக்குச் சீர்

காலை ஏழரைக்கு வேப்பம்பட்டில் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்கு நேர்வழி கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் மின்ரயிலுக்கு மாற வேண்டும். படி ஏறி இறங்குவதற்குள் முழங்கால் தன் பணிமூப்பை நினைவூட்டியது.

பொன்னேரியில் குப்பம்மா கூடையுடன் ஏறினார். பழவேற்காட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கருவாடு கொண்டுவருபவர். கல்யாணமாகி வந்த வருஷம், வலையில் சிக்கி இறக்கை ஒடிந்த பூநாரை ஒன்றுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு மாதம் வளர்த்தாராம். பிறகு அதிகாரிகள் வந்து கொண்டுபோய்விட்டார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள அரசுப் பறவைப் பூங்காவில் ஒரு கிழட்டுப் பூநாரை இருப்பதாக, இரும்பு ஆலையில் வேலை செய்யும் மருமகன் சென்ற வாரம் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அலுவலகம் என்றால் பயம். அதனால் துணைக்கு நான்.

கூடையில் சென்னாக்கூனி என்கிற பொடி இறால் கருவாடு, கனகாம்பரம், மஞ்சள்குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

"இதெல்லாம் எதற்கு?"

"இன்னா சார் இப்டி கேக்குற? கட்டிக்குடுத்த பொண்ணப் பாக்க வெறுங்கையோட போவாங்களா?"

பறவையைக் கொண்டுபோய் முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது; இன்னுமா இருக்கும்? நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன். ஓய்வூதியக்காரன் நான் உயிரோடிருப்பதையே கருவூலம் வருடந்தோறும் சான்று கேட்டுத்தான் நம்புகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். உருக்காலைப் புகையையும் லாரி வரிசையையும் தாண்டியதும் திடீரென்று ஒரு குளம். குளம் நிறைய இளஞ்சிவப்பு. குப்பம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாப் பறவைக்கும் இரண்டு இறக்கையும் ஒழுங்காக இருந்தன.

"இல்ல சார். போய்ட்டா போல."

பராமரிப்பாளர் வசந்தா, நாற்பது வயதிருக்கும், வாளியுடன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வலையில சிக்குனதா? அட, நம்ம பழவேற்காட்டாரு! வயசாயிட்சேன்னு வெயில் படாம அந்தாண்ட வெச்சிருக்கோம். வாங்க."

கொட்டகை நிழலில், வெளுத்துப்போய், ஒற்றைக் காலில் நின்றது. இடது இறக்கை மடங்கித் தொங்கியது. குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணு மங்கிப்போச்சும்மா. ஆனா மூணு வேளையும் தின்றாரு. காட்டுல இருந்திருந்தா எப்பவோ போயிருப்பாரு. இங்க இதுங்க அறுபது வயசு கூட இருக்கும்."

"இன்னா, 'தின்றாரு'ங்கிற? அது பொண்ணும்மா."

"ஆம்பளம்மா! குளத்துல பாத்தீங்களே, அதுல பாதி அவரு புள்ளைங்க, பேரப் புள்ளைங்கதான்."

குப்பம்மா என்னைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், பிறகு வேலி அதிரச் சிரித்தார். "அடப்பாவி! ராணி ராணின்னு கூப்ட்டனே, ஒரு வார்த்த சொன்னியாடா?"

வெளித்தீனி போடக் கூடாது என்று வசந்தா சொன்னதால் சென்னாக்கூனி எனக்கு வந்தது. நான் காட்சிக்கு வைக்கப்பட்ட உயிரினம் அல்ல. வளையல்தான் சிக்கல். ஆண்பிள்ளைக்கு யார் போடுவது?

"ஏம்மா, எத்தினி வருஷமா இவனுக்குச் சோறு போடற?"

"பதினாறு வருஷமா."

"அப்ப நீதான் என் மருமவ. கைய நீட்டு."

வசந்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயோ, பப்ளிக் கிட்ட எதுவும் வாங்கக் கூடாதும்மா. வேலைக்கே வேட்டு வந்துடும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பணிக்காலம் முழுவதும் இந்த அரசுப் பணியாளர் நடத்தை விதிகளைக் காட்டி எத்தனையோ பேருக்கு 'முடியாது' என்று எழுதியிருக்கிறேன். அதே விதிகளில் ஒரு விலக்கும் உண்டு: நெருங்கிய உறவினர், வழக்கமான சடங்குகளில், வழக்கமாகத் தருவதை அரசுப் பணியாளர் பெற்றுக்கொள்ளலாம்.

சொன்னேன்.

"மாமியார் நெருங்கின சொந்தமா சார்?" என்றார் வசந்தா.

"அதைவிட நெருக்கம் விதியிலேயே கிடையாது."

வளையல் சற்றுச் சின்னது. பழவேற்காட்டார் காலை மாற்றிக்கொண்டு நிற்க, பறவைகளின் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து வசந்தாவின் கையை நனைத்து நனைத்து, பன்னிரண்டையும் ஏற்றிவிட்டுத்தான் மாமியார் எழுந்தார்.