படகுக்குக் கன்னிமூலை

படகுக்கு வாஸ்து பார்த்த ஒரே குடும்பம் இந்த ஜில்லாவில் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயம் செய்கிறவர்கள். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கண்மாய்தான். அதிலும் பாதி வருஷம் தண்ணீர் இருக்காது, கருவேலமரம்தான் நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்குப் படகு எதற்கு என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் ஆசை, அவ்வளவுதான். கேரளாவில் காயலில் ஓடிக்கொண்டிருந்த பழைய பைபர் படகு ஒன்று லாரியில் ஏறிப் பாம்பனுக்கு வந்து சேர்ந்தது. முன்பக்கம் சின்னத் தளம், அதை ஒட்டி ஓட்டுகிற இடம். அதற்குப் பின்னால் பலகைத் தடுப்பு போட்டு, எட்டுப் பேர் உட்காருகிற அறை. அறையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு இழுப்பு ஜன்னல்கள். கடைசியில் இஞ்சின். அறைக்கு இருக்கிற ஒரே வாசல் அந்த இஞ்சினை ஒட்டித்தான்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டுபோய், பாம்பன் பாலத்தைக் கடலிலிருந்து காட்டிவிட்டுத் திரும்புவோம். ஓட்டுவது நான். ஆள் பிடிப்பதும் அதிகாரம் செய்வதும் அண்ணன். அறைக்குள் சின்ன அடுப்பு வைத்து டீயும் பஜ்ஜியும் போட்டுக் கொடுப்பது என் மனைவி. வந்தவர்கள் மறுபடி வந்தார்கள் என்றால் அது பாலத்துக்காக இல்லை, அவளுடைய பஜ்ஜிக்காகத்தான்.

ஒரே மாதத்தில் மூன்று தடவை இஞ்சின் நின்றுபோனது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. நான் மிளகாய்ப்பழம் எடுக்க ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் பக்கம் வீடுகளுக்கு வாஸ்து சொல்கிற ஆளை பஸ் ஏற்றிப் பாம்பனுக்கு வரவழைத்துவிட்டார். படகு கிழக்கே முனையை வைத்துக் கட்டிக் கிடந்தது. வந்த ஆள் கரையில் நின்று செல்போனில் திசை பார்த்தாராம். வலது பக்கம் தெற்கு, அதன் பின்கோடி தென்மேற்கு, அதாவது கன்னிமூலை, கன்னிமூலையில் ஜன்னல் திறந்திருந்தால் வீட்டில் எதுவும் தங்காது என்றாராம். வீட்டில்! அண்ணன் அன்றைக்கே சிலிக்கான் பசை வாங்கி, வலது பக்கத்து இரண்டு ஜன்னல்களையும் சுற்றிப் பூசி அடைத்துவிட்டார். பின்கோடி ஜன்னலோடு முன்ஜன்னலையும் சேர்த்து அடைத்தது ஏன் என்று கேட்டால், தெற்கு முழுக்கவே அடைப்பது உத்தமமாம்.

ஊரிலிருந்து திரும்பி அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏண்ணே, படகு திரும்பினா கன்னிமூலையும் கூடவே திரும்புமா?" என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஏலே, கட்டிப்போடுற எடந்தான் அதுக்கு வீடு. மாடு மேயப் போகுதுங்கிறதுக்காக மாட்டுக்கொட்டத்தை மூலை பாக்காமயா கட்டுறோம்?"

கத்தினேன். அவரும் கத்தினார். மறுநாள் ஆட்கள் வருவதாக இருந்ததால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த 'பிறகு' வரவே இல்லை.

இடது பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் என் கைங்கரியம். உப்பு ஏறி இறுகிப்போய் இருந்தன. எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டால் கீலில் நல்லெண்ணெய் விடுவோம். அதே புத்தியில் ஜன்னல் ஓடுகிற தடத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் காற்றில் வந்த மணல் முழுக்க அந்த எண்ணெயில் ஒட்டி, உப்போடு குழைந்து காய்ந்து, முன்னைவிட மோசமாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தால் நான்கு விரல்கடை நகரும். அதற்குமேல் நகராது.

இப்படி நான்கு ஜன்னலும் ஆளுக்கு இரண்டாக எங்களால் கெட்டுப்போயிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. பாலத்தைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் முன்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் என் மனைவி மட்டும் இருந்தாள். இஞ்சினில் புகைபோக்கிக் குழாய் கழன்று, புகை முழுவதும் அறைக்குள் அடித்தது. வாசல் புகை வருகிற பக்கம். வலது ஜன்னல்கள் அண்ணனின் சிலிக்கானில். இடது ஜன்னல்கள் என் நல்லெண்ணெயில். கடைசியில் அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளேயே புகுந்து வாசல் வழியாக வந்து விழுந்தாள். வருகிற வழியில் சூடான குழாயில் கை பட்டு முழங்கை வெந்துபோனது.

நான்கு நாள் இருமினாள். இருமல் நின்றதும் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அழவில்லை, திட்டவும் இல்லை. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"நாலு ஜன்னலையும் ஒத்த வெரலால நான் தள்ளிப் பாக்கணும். தள்ள முடிஞ்சா அப்பறம் பேசுவோம்."

பேச்சு படகைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, படகைப் புதுமடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். என் வயதுதான், எனக்குப் பழக்கமானவர். படகைக் கரையில் ஏற்றி நிறுத்தியதும் அதைச் சுற்றி வந்தார். சிலிக்கானைத் தடவிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் மணலில் உட்கார்ந்து சிரித்தார்.

"மாப்ள, இப்ப படகு வடக்க பாத்துல்ல நிக்குது? அப்ப ஒங்க அண்ணன் அடைச்சு வச்சிருக்கது அக்னிமூலை. அதையும் அடைக்கலாமான்னு ஒரு போனப் போட்டுக் கேளுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாஸ்துக்காரர் கையில் கிடைத்தால் படகோடு சேர்த்து நங்கூரத்தில் கட்டியிருப்பேன்.

சிலிக்கானைக் கத்தியால் அறுத்தால் பைபர் கீறுகிறது. மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பைக் கொடுத்தார் அவர். மூலையில் ஊசியால் துளை போட்டு நரம்பை உள்ளே விட வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், ஆளுக்கு ஒரு முனையைக் குச்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மாறி மாறி இழுத்தால் பசை அறுபடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும்; அவர் கையிலோ வேறு படகு வேலை இருந்தது. இன்னொரு ஆள் யார் என்று நான் கேட்பதற்குள் உச்சிப்புளியில் பஸ் இறங்கி அண்ணன் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. படகில் ஏறி அறைக்குள் போய் உட்கார்ந்து, நரம்பின் மறுமுனையைப் பிடித்தார்.

கொளுத்துகிற வெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் இழுக்க, அவர் இழுக்க. அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை, கேட்கவும் எனக்கு விருப்பமில்லை. பசை ஒரு பக்கம் முழுக்க அறுபட்டுக் கண்ணாடி கொஞ்சம் இளகியதும் அவர் குரல் வெளியே வந்தது.

"...நானென்ன கெடுதல் நெனச்சா செஞ்சேன்? நம்ம அய்யா வீடு கட்டயில பாக்கலையா?"

"அய்யா கட்டுன வீட்ட எவனாவது கடலுக்குள்ள ஓட்டிட்டுப் போனானா?" என்று கத்தினேன். "அவ உள்ள கெடந்து செத்திருந்தா எந்த மூலையில வச்சுக் கும்பிட்டிருப்ப?"

அண்ணனை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நரம்பைக் கீழே போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இழுத்துக்கொண்டே இருந்தார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இடது ஜன்னல்களின் கதை வேறு. கண்ணாடியைக் கழற்றவே ஒரு பகல் முழுக்க ஆனது. அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி போட்டிருந்தார்கள். துருப்பிடித்துத் தலை உருண்டுபோய், ஒவ்வொன்றையும் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது. தடத்தில் ஒட்டியிருந்த துணிப்பட்டை ஊறிப் பருத்து, அதற்குமேல் என் நல்லெண்ணெயும் மணலும் கல்லாகியிருந்தன. ரம்பத் தகட்டை வைத்துச் சுரண்டினேன். வெந்நீரில் வினிகர் கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாக அலுமினியப் பொடி வந்துகொண்டே இருந்தது. சுரண்டச் சுரண்ட என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. சிலிக்கான் பூசினவருக்காவது ஒரு நம்பிக்கை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? சோம்பேறித்தனம்தான்.

பைபர்காரர் தடத்தின் வெளி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டார். "இங்கன அலை அடிச்சா தண்ணி உள்ள நிக்கும். அது வெளிய போக வழி வேணாமா? ஒங்க ஊரு ஜன்னல்னு நெனச்சீகளா?" என்றார். துணிப்பட்டைக்குப் பதில் நைலான் பட்டை வைத்து, துருப்பிடிக்காத திருகாணி போட்டு முடுக்கினோம். கடைசியில் தடம் முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். எண்ணெய்ச் சீசாவை அவர் ஏற்கெனவே தூர எறிந்திருந்தார். சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தேன். ஓடியது. நான்கும் ஓடின. எத்தனை தடவை தள்ளிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

போன் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் தனியாக வந்தாள். படகை மறுபடி தண்ணீரில் இறக்கி, முழங்கால் ஆழத்தில் கட்டிப் போட்டிருந்தோம். அண்ணனும் பைபர்காரரும் கரையில் நின்றுகொண்டார்கள். அவளும் நானும் அறைக்குள் போனோம். முழங்கைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. வலது பக்கம் முதலில் தள்ளினாள், ஒரே விரலால். ஜன்னல் சத்தமில்லாமல் கடைசி வரைக்கும் போனது. அடுத்தது. பிறகு இடது பக்கம் இரண்டும். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கடல்காற்று அறைக்குள் நிறைந்தது. இனி அவள் வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டுகிற இடத்துக்கும் அறைக்கும் நடுவிலிருக்கிற பலகைத் தடுப்பைக் காட்டினாள்.

"அன்னைக்கு நான் இந்தப் பலகையத் தட்டுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

கேட்டது. இதை அண்ணனிடம் சொல்லவில்லை, பைபர்காரரிடம் சொல்லவில்லை, இங்கேகூட இவ்வளவு நேரமும் சொல்லாமல்தான் வந்தேன். அப்போது நான் கரையில் இருந்த அண்ணனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அந்தச் சிலிக்கானைப் பற்றித்தான். வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தும்போதெல்லாம் அவள் அடுப்படிச் சுவரைத் தட்டுவாள். சத்தத்தைக் குறை என்று அர்த்தம். அன்றைக்கும் அதற்குத்தான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒருவனை நிம்மதியாகச் சண்டைகூடப் போட விடமாட்டாளா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"கேட்டுச்சு," என்றேன்.

"தெரியும்," என்றாள். "நீங்க திருப்பிக் குத்துனீங்களே."

ஆமாம். முஷ்டியை மடக்கிப் பலகையில் இரண்டு குத்து. அந்தச் சத்தம் கேட்டதும் நான் வருகிறேன் என்று நினைத்து, புகைக்குள்ளேயே கொஞ்ச நேரம் காத்திருந்தாளாம். அதை அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

எழுந்து நான்கு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக மூடினாள். "ஜன்னல்ல இப்ப ஒரு கொறையும் இல்லங்க," என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கை கொடுக்கப் போனேன், பிடித்துக்கொள்ளவில்லை. கரையில் நின்ற அண்ணனிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, உச்சிப்புளி ரோட்டைப் பார்த்து நடந்தாள்.