வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது

ராமாத்தாள் கூடையைத் தூக்கியபோது அவள் கோழி சிட்டு ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பு விறைத்துவிட்டது.

"அடி சாமி, என்னாச்சுடி உனக்கு?" என்று வாய்விட்டு அரற்றியவள், பக்கத்து வீட்டில் பேச்சுக்குரல் கேட்டதும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அழக்கூட வழியில்லை. ஏனென்றால் அவள் வீட்டில் கோழியே கிடையாது. அப்படித்தான் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். மோகனூர் ரோட்டில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் ராமாத்தாளுக்குப் பதினோரு வருட வேலை. நாற்பதாயிரம் கோழிகள். காலையில் போனதும் குளித்து, பண்ணை உடுப்பு மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை முக்கி எடுத்துத்தான் கொட்டகைக்குள் நுழைய வேண்டும். அதெல்லாம் போதாதென்று, வேலைக்காரர்கள் யாரும் வீட்டில் கோழி, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. வீட்டுக் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் அது கையோடும் காலோடும் பண்ணைக்குப் போய்விடும். ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். இந்தச் சட்டத்தில் தப்புச் சொல்ல முடியாது. புதிதாக வருகிற பெண்களுக்கு ராமாத்தாளே எடுத்துச் சொல்வாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சிட்டுக்குக் களி உருட்டிப் போடுவாள்! கேட்டீர்களா இந்தக் கூத்தை!

என்ன செய்வாள், பாவம். மூன்று வருடத்துக்கு முன், கணவர் இறந்த மாதம், தாயைத் தொலைத்த குஞ்சு ஒன்று வாசல் தாண்டி உள்ளே வந்தது. விரட்டினாள், போகவில்லை. மறுபடி விரட்டினாள், கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே மகள் தேவிப்ரியாவைச் சங்ககிரியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதன்பின் வீட்டில் அவள் பேசினால் கேட்பதற்கு இருந்த ஒரே ஜீவன் சிட்டுதான். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது மடியில் ஏறிப் படுக்கும். டிவியில் மாமியார்க்காரி கத்தினால் இதுவும் சேர்ந்து கொக்கரிக்கும்.

அன்றைக்குப் பண்ணையிலிருந்து வீடுவீடாகச் சோதனைக்கு ஆள் வருவதாகப் பேச்சு. விடியுமுன் சிட்டைக் கூடைக்குள் கவிழ்த்து, வெளியே தெரியாமல் மேலே சாக்கைப் போட்டு மூடி, ஜன்னலைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒருவரும் வரவில்லை. இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தால் இப்படிக் கிடக்கிறது.

அந்தக் கழுத்துதான் அவளைக் கலக்கியது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிக்குக் கழுத்து இப்படித்தான் திருகிக்கொள்ளும். ஐயோ, காலையில் இதைத் தூக்கிய கையோடுதானே பண்ணைக்குப் போனோம்! குளித்தது வாஸ்தவம். நன்றாகத் தேய்த்துக் குளித்தோமா? நேரமாகிவிட்டதென்று இரண்டு சொம்போடு நிறுத்தினோமா? மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"இதுக்குப் போயி எதுக்கும்மா பதறுறே? பொறவால குழி தோண்டிப் பொதைச்சிட்டு வாய மூடிட்டு இரு. சொன்னீன்னா வேலை போயிரும்" என்றாள் தேவிப்ரியா.

"நோயா இருந்தா என்ன கண்ணு பண்றது?"

"அது மொதலாளி கோழி. உனக்கென்ன வந்துச்சு?"

"தீனி போடறது நாந்தானே சாமி."

போனை வைத்துவிட்டாள். மண்வெட்டி கொல்லையில்தான் இருந்தது. எடுக்கப் போனவள் பாதி வழியில் நின்றாள். சொன்னால் சோறு போகும். சொல்லாவிட்டால் அத்தனை உயிரும் போகும். நாளைக் காலை ஆறு மணிக்கு இதே கையோடு கொட்டகையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அன்பழகனின் நம்பரை அழுத்தினாள்.

"தம்பி, ராமாத்தா பேசறனுங்க. ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க."

சிட்டு செத்துக் கிடந்ததுவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்புறம் கிழித்தான் பாருங்கள்!

"ஏனக்கா, அறிவிருக்குதா உனக்கு? ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ நீயி! பண்ணைப் பக்கம் காலெடுத்து வெச்சராதே. அந்தக் கோழிய ஐஸ்ல போட்டு நாமக்கல்ல லேபுக்குக் கொண்டுபோ. அறுத்துப் பாத்து என்ன நோவுன்னு சொல்லட்டும்."

"அறுக்கோணுங்களா தம்பி?"

"பின்னே, மாலை போட்டுக் கும்புடவா?"

மீன் கடையில் ஐஸ் வாங்கிப் பையில் போட்டு, சிட்டை அதில் வைத்து, பஸ் ஏறினாள். மடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"என்னுங்கக்கா, மீனுங்களா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமாங்க" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. வழி நெடுகிலும் ஒரே வேண்டுதல்தான்: நோயாக மட்டும் இருக்கக் கூடாது.

லேபில் இளவயது டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு, "நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார்.

"இல்லீங்க. கூடவே நின்னுக்கறனுங்க."

நின்றாள். இறகை நனைத்து, வயிற்றைக் கீறி, குடலை நீளவாக்கில் பிளந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. இரைப்பையைத் திறந்தார். ராமாத்தாள் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். காலையில் தின்ற களி அப்படியே இருந்தது.

"வெள்ளைக்கழிச்சல் இல்லம்மா. டெஸ்டுக்கும் அனுப்புறேன், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல. பயப்படாதீங்க."

ராமாத்தாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். நாற்பதாயிரமும் பிழைத்தது, வேலையும் பிழைக்கக்கூடும்.

"அப்பறம் எதுனாலீங்க செத்துச்சு?"

"நெஞ்சுச் சதையப் பாருங்க, வெந்த மாதிரி வெளுத்திருக்கு. சூடு தாங்காமத் துடிச்சு, கழுத்த வளைச்சுச் செத்திருக்கு. எங்க அடைச்சு வெச்சீங்க?"

"கூடைக்குள்ளீங்க. மேல சாக்குப் போட்டு. சிமெண்ட் சீட்டு ஊடுங்க."

"இந்தச் சித்திரை வெயில்லயா? பண்ணைல வேலை பாக்குறீங்க, இது தெரியாதா?"

"தெரியுமுங்க" என்றாள் ராமாத்தாள். "பதினோரு மணி ஆச்சுன்னா கோழிக்கு வெக்கை தாக்கக் கூடாதுன்னு கூரை மேல தண்ணி அடிச்சுவுட்டு, உள்ள பன்னீராட்டம் தூவற மிசினைப் போட்டுவுடறதே நாந்தானுங்க. இன்னைக்கும் போட்டனுங்க."

டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

லேபை விட்டு வெளியே வந்ததும் அன்பழகன் போனில் வந்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம். "டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்கக்கா! தப்பிச்சோம். மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். டெஸ்டு வர்ற வரைக்கும் ஊட்ல இரு. இனிமே வளக்க மாட்டேன்னு மட்டும் எழுதிக் குடுத்துரு."

"எழுதித் தாரனுங்க."

"என்னக்கா அழுவறே? அதான் நோய் இல்லைன்னு ஆயிப்போச்சே?"

"அதுக்குத்தானுங்க தம்பி அழுவறேன்" என்றாள் ராமாத்தாள். "நோயா இருந்திருந்தா நோய் மேல பழியப் போட்டிருப்பனுங்க."