அய்யா உள்ளே இருந்த பதினெட்டு நாள்

மணிக்கட்டைக் காட்டுவதற்கு முன் அய்யா சட்டைக் கையை மூன்று மடிப்பு மடிப்பார். அவசரமே கிடையாது. தகரக் கூரை போட்ட அந்தப் பழைய குடோனில் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரியும். "விலங்கு போட்ட எடம்" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் தடவை நான் போனபோது, முன்வரிசையில் இருந்த என் அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு வந்தது எரிச்சல்தான். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரச்சோதனை பார்க்கிறவன் நான். கையில் தகடு கிழித்தவர்களைத் தினம் பார்க்கிறேன். அது தகடு கிழித்த தழும்பு. திரும்பி வரும்போது பைக்கில் இதைச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாயைக் கழுவுடா."

என் அக்காவை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி பஸ் இரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் டிரைவரை இறக்கிவைத்து நியாயம் கேட்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். அம்மா, அக்கா, நான் என்று வீட்டில் மூன்றே பேர். இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு கான்ட்ராக்ட் வேலை. ஏழு வருடமாக ஒரே லைன். ஏழு வருடமும் கான்ட்ராக்ட்தான். அந்த லைனில் அவளோடு நிற்கும் ஒருத்திதான் அய்யாவிடம் அழைத்துப்போனவள்.

அய்யா ஆவதற்கு முன் அவர் கம்பெனிகளுக்கு லோடு ஏற்ற ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. சிறைக்குப் போய் வந்தார். வந்த பிறகு தாடி வளர்த்தார், மெதுவாகப் பேசினார், அய்யா ஆனார். சாமி பற்றி அதிகம் பேசமாட்டார். சிறையைப் பற்றித்தான் பேச்செல்லாம். உழைக்கிற ஜனங்களைக் கூட்டிவைத்துப் பேசியதற்காகப் பிடித்துப்போனார்களாம். "உன் கூட யார் யார் கீறாங்க, பேரைச் சொல்லு" என்று அடித்தார்களாம். அவர் ஒரு பேரும் சொல்லவில்லையாம். அவ்வளவுதான் கதை. நான் முதலில் கேட்டபோது சிறைவாசம் ஒரு மாதம். அடுத்த பொங்கலுக்குள் ஆறு மாதம் ஆகிவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவளுக்குப் புத்தி எங்கடி போச்சு" என்றாள். அக்கா அசையவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா சூப்பர்வைசர் மொத நிமிஷமே எங்க பேரைத்தான் சொல்றாரு. ஒரு மனுசன் அடி வாங்கியும் பேரைச் சொல்லாம இருந்தாரு. அது உனக்கு இன்னா தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை என்பதுதான் என் ஆத்திரத்தில் பாதி. அந்த ஆளைத் திட்டிவிடலாம். அவள் சொன்னதில் இருந்த உண்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே 'உள்ளிருப்பு' நடக்கும். காலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அய்யாவைத் தவிர யாரும் பேசக்கூடாது. மதியத்துக்கு உப்பில்லாத களி. அய்யா பட்டதை எல்லோரும் ஒரு நாள் பட வேண்டுமாம். கைதிகளுக்குப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அக்கா நாற்பத்திரண்டு. "கம்பெனியிலதான் உனக்கு ஏற்கெனவே டோக்கன் நம்பர் கீதே, இது வேறயா?" என்று கிண்டல் செய்தேன். "அது கான்ட்ராக்ட் முடிஞ்சா பூடும். இது போவாது" என்றாள்.

ஒரு முதல் ஞாயிறு அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். இந்த மாதம் வரமுடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் அக்கா போனாள். அய்யா திட்டவில்லை. தாராளமாகப் போ என்றாராம். போவதற்குமுன் எல்லோர் நடுவிலும் அந்தக் கதையை மறுபடி சொன்னாராம், இதுவரை சொல்லாத ஒரு பகுதியோடு. நகத்தைப் பிடுங்கும்போது அவர்கள் கேட்டது நாற்பத்திரண்டாம் நம்பரின் பேரைத்தானாம். சொல்லிவிட்டு அவளையே பார்த்தாராம். அக்கா வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே துணிமணியைப் பையில் திணித்தாள். குடோனை ஒட்டிய அறைகளில் இன்னும் சில பெண்களோடு தங்கப்போகிறாளாம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, அந்தாளு ஜெயிலுக்குப் போனப்ப நீ அவரைப் பார்த்ததுகூட இல்ல. உன் பேரை எப்படிக் கேப்பாங்க?" என்றேன். "வரப்போறவங்க பேரும் அவருக்குத் தெரியும்டா" என்று சொல்லி என்னை விலக்கிக்கொண்டு போனாள். உள்ளே அம்மா காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலை, அவளை வீட்டுக்குக் கொண்டுவருவது. எங்கள் தெருவில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அய்யாவின் பேரைச் சொன்னதும் சிரித்தார். "அந்த ஆளா? குடிச்சுட்டு, வேலித் தகராறுல பக்கத்து வூட்டுக்காரர் மண்டையை ஒடச்சவன். பதினெட்டு நாள் உள்ள இருந்தான்" என்றார். வழக்குக் காகிதத்தின் நகலும் வாங்கிக் கொடுத்தார். தரச்சோதனைக்காரனின் புத்தி எனக்கு. குறையை எடுத்துக் காட்டினால் லைன் நின்றுவிடும் என்று நம்பினேன். ஷிப்டு முடிந்து வரும் அக்காவை பஸ் நிறுத்தத்தில் பிடித்து, வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "பேப்பர்ல அப்படித்தான் எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சிறைக்கதையின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. அதைச் சந்தேகப்பட்ட நிமிடமே நாம் அடித்தவன் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? என் அக்காவை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க அய்யாவை வரச்சொன்னார்கள். மத்தியானம் வந்தார், ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. எதிர் பெஞ்சில் நான் இருந்தேன். அவருக்கு டீ வந்தது, எனக்கும் வந்தது. எனக்கு வந்ததில் சர்க்கரை இல்லை. அவர் ஊதி ஊதிக் குடித்தார். குடோன் அறைகளில் தங்கியிருந்த பெண்கள் எல்லோரும் எங்கள் இஷ்டப்படிதான் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்காவும் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த உள்ளிருப்பில் அந்த ஒரு மத்தியானம் இரண்டாம் சிறைவாசம் ஆகிவிட்டது. போய்வந்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர்கூடத் தரவில்லையாம். இம்முறை காட்டிக்கொடுத்தது அந்நியன் இல்லை, நம்மில் ஒருத்தியின் உடன்பிறப்பு என்றாராம். கூட்டமே அழுததாம். காட்டிக்கொடுத்தவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று உத்தரவு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன் நான். அவரிடம் இருந்தது ஒரு பழைய பொய். அதற்குப் புத்தம்புதிதாக ஒரு சாட்சியையும் ஒரு துரோகியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா என் போன் நம்பரைத் தடுத்து வைத்தாள். அப்பாவின் திதிக்குக்கூட வரவில்லை.

ஒன்பது மாதம் அம்மா பொறுத்தாள். பிறகு ஒரு நாள், "என்னையும் அங்க சேத்துவுடு" என்றாள். நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேப்பையில் நெய் வடியாது என்று சொன்னவள் நீதானே என்று கேட்டேன். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் நம்பறேன்னு சொன்னேனா? உள்ள போனா பன்னெண்டு மணி நேரம் அவ பக்கத்துல குந்திக்கினு இருக்கலாமில்ல?"

போன மாதம் முதல் ஞாயிறு, வல்லக்கோட்டை சாலை வழியாக அம்மாவை பைக்கில் கூட்டிப்போனேன். குடோன் தெருவுக்கு முன்பே தோளைத் தட்டி இறங்கிக்கொண்டாள். என்னோடு வந்தது தெரிந்தால் அக்கா முகம் கொடுக்கமாட்டாளாம். மாலை ஆறரைக்கு அதே இடத்துக்கு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. அப்படி அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று.

"அக்கா பேசினாளா?"

"உள்ள பேசக்கூடாதாமே. என் கையைப் புடிச்சிக்கினே இருந்தா. வெளிய வரும்போது ஒரு வார்த்தை சொன்னா." என் தோளைப் பிடித்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். "நீ போலீசுல எழுதிக் குடுத்தது தப்புன்னு அவரு கால்ல வுழுந்துட்டா, வூட்டுக்கு வரேன்னு சொல்றா. வுழுந்துடேன்டா. உனக்கு இன்னா கொறஞ்சுடப் போவுது?"

நான் வண்டியை எடுத்தேன். இரண்டு வாரம் லைனில் நல்ல பீஸைக்கூடத் தூக்கி ரிஜெக்ட் டப்பாவில் போட்டுத் திட்டு வாங்கினேன்.

வரும் ஞாயிறு முதல் ஞாயிறு. ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போய் விழப்போகிறேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்ன கதை சொல்லப்படும் என்று எனக்கு இப்போதே தெரியும். காட்டிக்கொடுத்தவனே தேடி வந்து காலில் விழுந்த கதை. அடுத்து வீட்டுக்குப் போக நினைக்கும் எவளோ ஒருத்தியை அதைச் சொல்லித்தான் நிறுத்திவைப்பார். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போகிறேன். அக்கா வீட்டுக்கு வரட்டும்.