எட்டாவது நட்டு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைத் திறப்பவனுக்கு நம்ம பக்கத்தில் என்ன பெயர் தெரியுமா? கிறுக்கன். ஆதிநாராயணனுக்கு அந்தப் பெயர் சோழவரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வரைக்கும் பரவியிருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், ஜி.என்.டி. ரோட்டு மேல் இருந்த லோகநாதனின் லாரி ஷெட்டில் அவன் ஹெட் மெக்கானிக். நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. அண்ணன்மார் மூன்று பேரும் சேற்றில் இறங்க, இவன் மட்டும் கிரீஸில் இறங்கினான். ஆகவே வீட்டிலும் கிறுக்கன்தான். போகட்டும், அவன் அதையெல்லாம் காதில் வாங்குகிற ஆள் இல்லை.

முதலாளி லோகநாதனுக்கு லாரி பிழைப்பு, ரேஸ் உயிர். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் வருஷா வருஷம் நடக்கிற பந்தயத்துக்காகவே ஒரு ஃபியட் காரை மேல்கூடு கழற்றி, எடையைக் குறைத்து, பேய் மாதிரி ஓட வைத்திருந்தார். ஓட்டுகிறவர் அவர், ஓட வைக்கிறவன் ஆதி.

அந்தக் காரில் ஆதி யாரையும் தொட விடாத இடம் ஒன்று உண்டு. பிஸ்டனிலிருந்து இறங்குகிற ராடு, அடியில் சுழலுகிற தண்டை, அதாவது கிராங்கை, கவ்விப் பிடிக்கிற இடம். அங்கே பிறை வடிவில் இரண்டு மெல்லிய தகடுகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் ராடு பேரிங். நாலு ராடு, ராடுக்கு ரெண்டு நட்டு, மொத்தம் எட்டு. இந்தப் பேரிங் இருக்கிறதே, பொல்லாதது. தேயும்போது வாயே திறக்காது. சத்தம் கேட்கிற அன்றைக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

இது ஆதிக்குப் படித்து வந்த புத்தி இல்லை. அறுபத்தைந்தில் அவன் அரசப்பன் என்பவரின் ரேஸ் காருக்கு மெக்கானிக்காக இருந்தான். "எஞ்சின் தேனாட்டம் ஓடுது, இந்த வருஷம் தொட வேணாங்க" என்று அவன்தான் சொன்னான். ஏழாவது ரவுண்டில் ராடு முறிந்து எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. பின் சக்கரத்தில் ஆயில் கொட்டி, கார் மூன்று முறை புரண்டது. அரசப்பனின் நசுங்கிய வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு ஓடினவன் ஆதி; ஆஸ்பத்திரியில் அதை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அதற்கப்புறம் ஆதி யார் பேச்சையும் கேட்பதில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் எஞ்சினைத் திறப்பான், நாலு ஜோடிப் பேரிங்கையும் மாற்றுவான், மூடுவான்.

எழுபத்தொன்றில், பந்தய வாரத்தில், லோகநாதன் முறுக்கிக்கொண்டார்.

"இன்னாயா இது பேஜாரா பூட்ச்சு! போன மாசம்தான் ஓட்டிப் பாத்தோம். அருமையா இருக்கற எஞ்சின எதுக்குய்யா வயித்தக் கீறுற?"

"அருமையா இருந்த எஞ்சின்தான் மொதலாளி அரசப்பன் ஐயா கால வாங்கிச்சு. பேரிங்கு மாத்தாம வண்டி வெளிய போவாது. போவணும்னா வேற ஆள வச்சுக்குங்க."

ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்திருந்த லோகநாதனின் அம்மா செல்லியம்மாள் நடுவில் புகுந்தாள். "சும்மா இருங்கடா ரெண்டு பேரும்! ஆதி தொறக்கட்டும். ஆனா கடைசி நட்டு லோகு கையால, நல்ல நேரத்துல."

இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினை மூடுகிறபோது கடைசி நட்டை முதலாளி முடுக்க வேண்டும், அதுவும் ராகு காலம் கழித்து. வேலை தெரியாத முதலாளி என்றால் ஸ்பேனரை வாங்கி நட்டின் மேல் வைத்து எடுத்தால் போதும், முடுக்கியதாகவே கணக்கு. அப்புறம் மெக்கானிக் முடுக்கிக்கொள்வான். எப்போதும் அது எஞ்சினின் மேல்மூடி நட்டாக இருக்கும். அது கழன்றால் கொஞ்சம் ஆயில் கசியும், வேறென்ன? ஆனால் செல்லியம்மாளுக்கு இந்தத் தடவை அது போதவில்லை. "மூடி நட்டு வேணாம்டா. உசுரு நிக்கற எடத்து நட்டு எதுவோ, அத எம் புள்ள கைக்கு வுடு" என்றாள்.

ஆதி தலையாட்டினான். அத்தனை பிடிவாதக்காரன், ஒரு தாய் கேட்டாள் என்று தலையாட்டினான். அந்தத் தலையைத்தான் அப்புறம் பல வருஷம் அவனே அடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினான். கூட தானியேல், ஏழு வருஷமாகப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற மெக்கானிக். காருக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை, அதான் சம்பை, இறக்கினார்கள். பழைய பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது ராடில் வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு எட்டிப் பார்த்தது. "பாத்தியா தானியேலு? இதத்தான் அருமை அருமைன்றாரு மொதலாளி!" என்று ஆதி பொரிந்தான். புதுப் பேரிங் உட்கார்ந்தது. எவ்வளவு இறுக்கம் என்று முள் காட்டுகிற டார்க் ரெஞ்ச் ஒன்று அவனிடம் இருந்தது. அதை வைத்து ஏழு நட்டை அளவாக முடுக்கினான். எட்டாவதை விரலால் திருகி நிறுத்தினான். மணி ஒன்பது, ராகு காலம் தொடங்கிவிட்டது. ஆயில் கசியாமல் சம்பின் விளிம்பில் வைக்கிற பழைய பேக்கிங் கார்க் கிழிந்திருந்ததால், டூல் பெட்டியைப் பூட்டிவிட்டு, புதுசு வாங்க ரெட்ஹில்ஸுக்குப் பஸ் ஏறினான்.

திரும்பி வரும்போது பன்னிரண்டு. வந்து பார்த்தால் சம்பு மூடியிருக்கிறது, ஆயில் ஊற்றியிருக்கிறது.

"எவன்டா மூடினது?"

"நான்தாண்ணா," என்றான் தானியேல். "அலமாரில ஒரு பேக்கிங்கு இருந்துச்சு. மொதலாளி அம்மாவோட பத்தே முக்காலுக்கு வந்தாரு. நான் ஆயில் டின்னு எடுக்கப் போயிட்டேன். வந்து கேட்டா, முடிச்சாச்சு, மூடுன்னாரு. நட்டு சுத்தாம இருக்க பின்னு போட்டு மூடிட்டேன். ரெண்டு மணிக்கு பிராக்டீஸ் இல்ல?"

ஆதி நேரே லோகநாதனிடம் போனான். "மொதலாளி, எட்டாவது நட்ட முடுக்கினீங்களா? முள்ளு ரெஞ்சு வச்சா?"

"அட, ஆமாய்யா. முள்ளு பாத்துதான் முடுக்கினேன். எனக்கா தெரியாது?"

அவருக்குத் தெரியும்தான். லாரிக்கு அடியில் படுத்து வளர்ந்தவர். ஆதி நம்பினான். புதுப் பேரிங் பதப்படுவதற்காக, சோழவரத்து பிராக்டீஸில் மூன்று ரவுண்டு மெதுவாக ஓட்டச் சொன்னான். லோகநாதன் மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. சோழவரத்தில் எள் விழ இடமில்லை. மூன்று மணிக்கு லோகநாதனின் பந்தயம். ஒன்றரைக்கு ஆதி ஒரு ஸ்பேனர் எடுக்க டூல் பெட்டியண்டை குந்தினான். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டில் போட்டான். போட்ட கை அப்படியே நின்றது.

சாவி ஒன்றே ஒன்று. நேற்று ரெட்ஹில்ஸுக்குப் போகும்போதும் அது இவன் இடுப்பில்தான் இருந்தது. முள் ரெஞ்ச் இந்தப் பெட்டிக்குள் இருந்தது. அப்புறம் முதலாளி எந்த முள்ளைப் பார்த்தார்?

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான். ஓடினான்.

லோகநாதன் புத்தம் புது வெள்ளை ரேஸ் உடுப்பில், கூட்டாளிகள் சூழ நின்றிருந்தார். ஆதி அவரைத் தனியாக இழுத்துக் கேட்டான். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம் குரலை உயர்த்தினார்.

"எந்த ரெஞ்சா இருந்தா உனக்கு இன்னா? முடுக்கினேன்னா முடுக்கினேன்!"

"அப்ப எவ்ளோ முடுக்கினீங்கன்னு தெரியாது. சம்ப எறக்கணும் மொதலாளி."

"மூணு மணிக்கு ரேஸ வச்சுக்கினு இப்பவா? மூள கீள கொழம்பிப் பூட்ச்சா? வழிய வுடு!"

கூட்டாளிகள் சிரித்தார்கள். ஆதி காரை நோக்கித் திரும்பினான். நேராகப் போய் பானட்டைத் தூக்கினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரோட்டரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சுண்டு விரல் பருமன் சாமான். அது இல்லாமல் எந்தக் காரும் கிளம்பாது.

லோகநாதன் பாய்ந்து வந்தார். "குட்றா அத!"

"சம்ப எறக்கினப்புறம் தரேன்."

பளார் என்று விழுந்தது அறை. அத்தனை பேர் எதிரில். ஆதியின் காது ஙொய்யென்றது. கையைப் பையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு வேணா அடிங்க மொதலாளி. வேலைய வுட்டும் தூக்குங்க. ஆனா இன்னொருத்தர் கால என்னால தூக்கிக்கினு ஓட முடியாது. அன்னிக்கு ஒரு தடவ ஓடினதே போதும் சாமி!"

தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள், மகன் கை ஓங்கியதைப் பார்த்து எழுந்து வந்தாள். "எதுக்குடா அவன அடிச்ச?"

"நட்ட முடுக்கலன்றாம்மா இவன்!"

"எந்த நட்டு? நேத்து கும்புட்டமே, அதுவா?" அவள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எங்கடா முடுக்கின? துணி அழுக்காவும்னு கீழ படுக்கவே இல்லியே. குந்திக்கினே கைய நீட்டி, ஸ்பேனர அது மேல வச்சு எடுத்த. நம்ம வழக்கம் அதானேன்னு நானும் சும்மா இருந்தேன். அப்பால ஆதி வந்து முடுக்கிப்பான்னு நெனச்சேன்டா!"

யாரும் சிரிக்கவில்லை. லோகநாதன் தலையைத் திருப்பிக்கொண்டார். தானியேல் "கர்த்தாவே" என்று முணுமுணுத்துவிட்டு ஜாக்கி எடுக்க ஓடினான்.

ஆயிலை வடித்து, சம்பை இறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வெயிலில் தரை கொதித்தது. ஆதி மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்து போனான். லோகநாதனும் அந்த வெள்ளை உடுப்போடு, ஆயில் சிந்தின தரையில் அவன் பக்கத்தில் வந்து படுத்தார். ஆதி எட்டாவது நட்டின் பின்னை உருவினான். ரெஞ்ச் கேட்கவில்லை. ரெண்டே விரலால் பிடித்துத் திருகினான். நட்டு சுற்றிக்கொண்டு கையோடு வந்தது.

பேரிங் மூடியையும் இறக்கினான். முந்தின நாள்தான் காகிதம் பிரித்த புதுத் தகட்டில் நீளமாகச் செம்புக் கோடு விழுந்திருந்தது. லோகநாதன் அதை வாங்கிக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதோட மூணு ரவுண்டு ஓட்டிக்கிறனேய்யா," என்றார்.

"மெதுவா ஓட்டினீங்க. அதான் இப்ப இங்க படுத்துக்கினு பேசறோம்."

மேலே மைக்கில் காரின் நம்பரைக் கூப்பிட்டார்கள். பதினாலு, பதினாலு, உடனே வரிசைக்கு வரவும். இருவரும் அசையவில்லை. தானியேலின் செருப்புக் கால் மட்டும், வண்டி வராது என்று சொல்வதற்காக, அந்தப் பக்கம் ஓடுவது தெரிந்தது.

"பொய் சொல்லிட்டேன் ஆதி. படுக்க சோம்பேறித்தனம், அப்பால ஒத்துக்க ரோசம். உன்ன அடிச்சும் வுட்டேன். என்ன மன்னிச்சுருய்யா."

"அடிய வுடுங்க மொதலாளி." ஆதி நட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். "நேத்து ரெண்டாவது ரவுண்டுல நீங்க என்னத் தாண்டிப் போறப்ப உள்ள டிக்கு டிக்குனு ஒரு சத்தம் கேட்டுது. எங்காதுல நல்லாவே கேட்டுது. நானே தொட்டு வச்ச எஞ்சினாச்சே, தப்பா இருக்காதுன்னுட்டு, போங்க போங்கன்னு கையக் காட்டி மூணாவது ரவுண்டுக்கு அனுப்பினவன் நான்தான்."

நட்டை மூடிய கையை அவர் பக்கம் நீட்டினான். லோகநாதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே கொடி அசைந்து பந்தயம் கிளம்புகிற சத்தம் கேட்டது.